பின்முற்றத்துக்குக் கல் பதிக்க முன் வெள்ளத்துக்கு வழி பார்த்தது

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கோடிப்பக்கம், குசினிக் கதவுக்கு வெளியே, 20 அடி நீளமும் 14 அடி அகலமுமாகக் கல் பதித்து ஒரு தளம் போடுகிறோம். பின்னேரம் நாலு கதிரை போட்டு இருக்க, உடுப்புக் காயவிட, மிளகாய் பரப்ப, வீட்டில் விசேஷம் என்றால் வெளியில் அடுப்பு மூட்ட. இதுவரை அது வெறும் செம்மண் நிலம், மாரி முழுக்கக் குசினிக்குள் சிவப்புக் காலடி. கல்லின் நிறமும் வடிவமும் எப்போதோ முடிவாகிவிட்டன, கனடாவில் இருக்கிற அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அனுப்பியே முடிவாக்கிவிட்டா. ஒருவரும் கேட்காமல் விட்டது மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான், கல்லைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மண் நிலமாகக் கிடக்கும்வரை இந்தக் கேள்வி வராது. செம்பாட்டு மண் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், பெரிய மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் நடக்கலாம். அதன் மேல் இன்டர்லொக் கல்லைப் பதித்து மெஷினால் அடித்து இறுக்கினால் இடுக்குகளால் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் கார்த்திகை மழைக்கு அந்தக் கொஞ்சத்தை நம்ப முடியாது. விழுகிறதெல்லாம் ஓடும் என்றே கணக்குப் போட வேண்டும்.

எங்கே ஓடவிடலாம் என்று நாலு பக்கமும் பார்த்தோம். ஒரு பக்கம் வீடு, அது இல்லை. கிழக்கே ஒழுங்கை. முந்தி எங்கள் வளவு வெள்ளம் படலையால் ஒழுங்கைக்குத்தான் ஓடும், ஆனால் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டபோது அது வளவை விட உயர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பாதி வளவுகளின் கதை இப்போது இதுதான், வீதியைத் திருத்தத் திருத்த வீடுகள் பள்ளத்துக்குள் போகின்றன, மழைக்கு வீதி வெள்ளம் படலைக்குள்ளால் உள்ளே வருகிறது. தெற்கே பக்கத்து வளவு. அந்தப் பக்கம் சரிவு வைத்தால் வேலை சுலபம் என்று வந்து பார்த்த இரண்டு பேர் சொன்னார்கள். வேலிக் கதியாலைக் கொஞ்சம் அரக்கினதற்கே தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசுகிற ஊரில் வெள்ளத்தை வேலிக்கு அடியால் தள்ளிவிடுவதா, அந்தக் கதையே வேண்டாம் என்றுவிட்டேன். மிஞ்சியது மேற்கு, வாழையும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும் நிற்கிற வெறுங்காணி. ஆக, எங்கள் வளவில் விழுகிற மழையை எங்கள் வளவுக்குள்ளேயே நிலத்துக்குள் இறக்குவது ஒன்றுதான் வழி.

வேறு வழி இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுவது. நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரை, அதுவும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் இருந்தால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மறுவளமாகவும் அதே கணக்குத்தான், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே இருந்து உப்பு ஏறும். கோடையில் கிணறு உவர்க்கிறது என்று புலம்புகிற நாமே மாரியில் கிடைப்பதை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு அனுப்புவது சரியாகப் படவில்லை.

சரி, முதல் வேலை மட்டம் பார்ப்பது. கண்ணுக்குத் தெரிகிற சரிவை நம்பக் கூடாது, வேலியும் மதிலும் கண்ணை ஏமாற்றும். ஹாட்வெயாரில் தெளிவான பிளாஸ்ரிக் ரியூப் 10 மீற்றர் வாங்கி, தண்ணீர் நிரப்பி, தெளிவாகத் தெரிய உடுப்புக்குப் போடுகிற நீலம் நாலு சொட்டு விட்டேன். மேசன்மார் எல்லோரிடமும் இருக்கிற முறை இது, லேசர் கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு நுனியைக் குசினி வாசற்படியோடு பிடித்துக்கொண்டு மற்ற நுனியை ஒவ்வொரு முளைக்கும் கொண்டுபோய்த் தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போட வேண்டும். கவனிக்க வேண்டியது காற்றுக் குமிழி. நடுவில் ஒரு சின்னக் குமிழி தங்கினாலும் இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் நிற்காது, அரை அங்குலம் பொய் சொல்லும். ரியூப்பை நீட்டிப் போட்டு, விரல் மொழியால் தட்டித் தட்டிக் குமிழியை நுனிக்குக் கொண்டுவந்து விட்டபிறகு, இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெயிலில் கிடந்த ரியூப் என்றால் இன்னும் மோசம், உள்ளே சின்னக் குமிழிகள் தானாகவே பிறக்கும். காலமையில் செய்வது நல்லது.

அளந்தபோது வாசற்படியில் இருந்து நிலம் 18 அங்குலம் கீழே இருந்தது. பழைய வீடு, அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேற்கு ஓரம் அதை விட இன்னும் 4 அங்குலம் கீழே. ஒழுங்கை மேற்கு ஓரத்தை விட 9 அங்குலம் மேலே. இந்த மூன்று எண்ணும் கையில் வந்த பிறகு வாக்குவாதம் குறைந்தது, ஒழுங்கைக்குப் பைப் போடலாம் என்று சொல்லிக்கொண்டு நின்ற மச்சானும் பேசாமல் போய்விட்டார்.

இங்கே அம்மாவின் கோரிக்கை ஒன்று. முழங்கால் வருத்தம், படி வேண்டாம், குசினி நிலமும் வெளித் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும் என்றா. கேட்க நியாயம்தான், ஆனால் 18 அங்குலம் மண் நிரப்பித் தளத்தை வாசலோடு சமமாக்கினால் சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்க வைத்த தட்டு மண்ணுக்குள் புதைந்துவிடும், அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு வருடா வருடம் பெயின்ற் அடித்தாலும் பொருக்கு விடும். வெளித் தளம் வீட்டு நிலத்தை விட ஆகக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும், காற்றோடு அடிக்கிற மழை தெறிக்கிற உயரம் அது. நாங்கள் தளத்தின் மேல்மட்டத்தை வாசலுக்கு 12 அங்குலம் கீழே வைத்து, நடுவில் அகலமான ஒரு படியும், 6 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு ஏற்றம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் போடுவதென்று முடிவு. அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. கம்பியைப் பிடித்து ஒருமுறை ஏறிப் பார்த்தபிறகு சொல்லுகிறேன் என்றிருக்கிறா.

அடுத்தது எவ்வளவு தண்ணீர் என்பது. இது பயப்படுகிற மாதிரியான கணக்கு இல்லை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். தளம் 280 சதுர அடி, அது 26 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினால், கார்த்திகையில் அப்படிக் கொட்டும், தளத்தில் மட்டும் 1,300 லீற்றர். வீட்டுப் பின்கூரை 45 சதுர மீற்றர் வருகிறது, அதிலிருந்து பீலியால் இறங்குவது 2,250 லீற்றர். இரண்டையும் சேர்த்தால் கூரைக்கு மேல் வைக்கிற 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி மூன்றரை, ஒரே மணித்தியாலத்தில்.

இந்த இடத்தில்தான் திட்டம் மாறியது. முதலில் பீலித் தண்ணீரையும் தளத்தில் விழவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஒரு கிடங்குக்கு அனுப்பலாம் என்றுதான் கதை. கூரை தளத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் தருகிறது என்று தெரிந்ததும் அதைப் பிரித்துவிட்டோம். கூரைத் தண்ணீர் சுத்தம், அதைச் சேற்றோடு கலப்பது வீண். பீலியில் இருந்து இறங்குகிற பைப் ஒரு 1,000 லீற்றர் தாங்கிக்குப் போகும், தாங்கி நிரம்பினால் மேல் பைப்பால் வாழைப் பாத்திக்கு. வருடத்தின் முதல் மழையில் கூரையில் கிடக்கிற தூசும் காக எச்சமும் வரும் என்பதால், தாங்கிக்கு முன்னால் அதைப் பிடித்து, கீழே மூடி கழற்றி வெளியே விடுகிற ஒரு துண்டுப் பைப். கிணற்றடித் தண்ணீரை வாழைக்கும் கமுகுக்கும் விடுகிற பழக்கம் எங்களுக்குப் புதிது இல்லை, அப்பு காலத்தில் கிணற்றடியில் இருந்து வாழைக்கு ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது, அதன் சீமெந்துத் துண்டு இப்போதும் மண்ணுக்குள் கிடக்கிறது.

ஆக, நிலத்துக்குள் இறக்க வேண்டியது தளத்தின் 1,300 லீற்றர். மண் அதை எவ்வளவு வேகத்தில் குடிக்கும்? அதற்கு ஒரு சோதனை. தளத்துக்கு அப்பால், ஊறவிடப் போகிற இடத்தில், இரண்டரை அடி ஆழத்துக்கு வெட்டி, அதன் அடியில் நீளம் அகலம் ஆழம் மூன்றும் ஒரு அடியாக ஒரு சின்னக் கிடங்கு. அதைத் தண்ணீரால் நிரப்பி இறங்கவிட்டு, திரும்ப நிரப்பி இறங்கவிட்டு, மண் நன்றாக ஊறிய பிறகு மூன்றாவது தரம் நிரப்பும்போதுதான் நேரம் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் பார்த்தால் தண்ணீர் மாயமாக மறையும், அது கோடைக் கணக்கு. எங்களுக்கு மூன்றாம் தரம் 12 அங்குலம் இறங்க ஒரு மணித்தியாலம் பிடித்தது.

மணித்தியாலத்துக்கு 12 அங்குலம் என்று அப்படியே எடுக்கக் கூடாது. சின்னக் கிடங்கில் அடியால் மட்டுமில்லை, நாலு பக்கச் சுவராலும் தண்ணீர் இறங்குகிறது. அடி ஒரு சதுர அடி, நனைந்த சுவர் சராசரியாகப் பாதி உயரம் என்று வைத்தால் இரண்டு சதுர அடி, மொத்தம் மூன்று. ஒரு கன அடித் தண்ணீர் மூன்று சதுர அடியால் போனதென்றால் ஒரு சதுர அடிக்கு மணித்தியாலம் 4 அங்குலம். காலப்போக்கில் சேறு படிந்து மண் அடைக்கும் என்பதற்காக அதையும் பாதியாக்கி 2 அங்குலம் என்று எடுத்தேன். இந்தக் குறைப்புகளைச் செய்யாமல் கிடங்கு வெட்டினவர்கள்தான் மூன்றாம் வருடம் "முந்தி நல்லா இழுத்தது, இப்ப இழுக்குதில்லை" என்று சொல்வது.

ஆழமான வட்டக் கிடங்கா, நீளமான அகழியா என்பதில் மேசன் அண்ணைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அவர் கிணறு மாதிரி எட்டடி தோண்டி உடைகல் போட்டு மூடுவோம் என்றார், ஒரே இடத்தில் வேலை முடியும். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் கிணற்றுக்குள்தான் இருந்தது. எங்கள் கிணற்றுக் கட்டின் உட்பக்கத்தில் மாரித் தண்ணீர் வந்து நிற்கிற உயரத்தில் பாசி படிந்து ஒரு கறுப்புக் கோடு, நில மட்டத்தில் இருந்து 11 அடி. எட்டடிக் கிடங்கு என்றால் அடிமட்டத்துக்கும் மாரி நீர்மட்டத்துக்கும் இடையில் மூன்றே அடி. அதை விட முக்கியம், அலவாங்கால் குத்திப் பார்த்தபோது ஐந்தரை அடியில் கல் தட்டியது. நம்முடைய சுண்ணக்கல் முழுக்க வெடிப்பும் துளையும், அதற்குள் விழுகிற தண்ணீர் மண்ணால் வடிபடாமல் நேரே நிலத்தடித் தண்ணீரோடு போய்ச் சேரும், அங்கிருந்து யாருடைய கிணற்றுக்குள் வரும் என்று சொல்ல முடியாது. தளத்தில் மீன் வெட்டுவோம், மோட்டார் சைக்கிள் கழுவுவோம், சவர்க்காரம் போடுவோம். கல்லுக்கு மேல் கொஞ்சமாவது மண் இருந்து வடிகட்டட்டும்.

"அப்ப மூண்டரை அடிக்கு மேல போகேலாது எண்டுறீர்" என்றார் அண்ணை. ஓம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீளத்துக்குத்தான் போகோணும்" என்று அவரே நூலைப் பிடித்தார்.

அகழி 20 அடி நீளம், 2 அடி அகலம், மேலே அரை அடி மண் மூடுவது போகச் சல்லி 3 அடி. கொள்ளளவு 120 கன அடி. சல்லிக்கு இடையில் இருக்கிற வெற்றிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட, அதை 35 சதவீதம் என்று எடுத்தால் 42 கன அடி தண்ணீர் நிற்கும், கன அடிக்கு 28.3 லீற்றர் வீதம் 1,190 லீற்றர் அளவில். அடி சேற்றால் அடைபடும் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல், சுவரின் பாதியை மட்டும் எடுத்தால் 66 சதுர அடி, அதனால் மணித்தியாலத்துக்கு 2 அங்குலம் வீதம் 11 கன அடி, 310 லீற்றர் இறங்கும். இரண்டும் சேர்த்து 1,500. வேண்டியது 1,300. போதும், நிறைய மிச்சமில்லை, ஆனால் போதும். கூரைத் தண்ணீரையும் இதற்குள் விட்டிருந்தால் இப்படி இன்னும் ஒன்றரை அகழி வேண்டியிருக்கும்.

நிஷா புயல் மாதிரி ஒரு நாளுக்கு இது தாங்காது, தாங்க வேண்டும் என்று கட்டவும் முடியாது. 2008 நவம்பர் 25ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் பெய்தது, எங்கள் தளத்துக்கு அது பத்தாயிரம் லீற்றருக்கு மேல். அன்றைக்கு அகழி நிரம்பித்தான் வழியும். எந்தப் பக்கம் வழியும் என்பதை மட்டும் நாங்கள் தீர்மானிக்கலாம். அகழியின் மாமரத்துப் பக்க விளிம்பை மற்றப் பக்கங்களை விட 2 அங்குலம் பதித்து, அங்கிருந்து வாழைப் பக்கம் புல்லுக்கு மேலால் ஒரு ஆழமில்லாத பள்ளம். வீட்டுக்கும் வேலிக்கும் போகாது.

இடம் தெரிவுசெய்வதிலும் இழுபறி இருந்தது. வீட்டு அத்திவாரத்தில் இருந்து 17 அடி தள்ளி, மலசலகூடக் குழிக்கு எதிர்ப்பக்கமாக, கிணற்றுக்கு எட்டமாக, மாமரத்து வேருக்கும் அப்பால் இருக்க வேண்டும். சின்ன வளவில் இந்த நாலையும் ஒரே நேரத்தில் சரிப்படுத்துவது கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, பத்துப் பொருத்தத்தில் ஆறு சரியென்றால் செய்ய வேண்டியதுதான். எங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது மாமரம், ஒரு நுனி அதற்குக் கிட்டப் போகிறது. அந்தப் பக்கச் சுவருக்கு மட்டும் தகரம் ஒன்றை நிறுத்தினோம், வேர் இரண்டு மூன்று வருடத்துக்காவது வராது.

இனி சரிவு. பெரிய வாக்குவாதம் இதில்தான். பதினாலு அடிக்கு எவ்வளவு இறக்கம்? அண்ணை, "ஒரு இஞ்சி காணும் தம்பி, தண்ணி தன்ரபாட்டில ஓடும், கூட வைச்சா கதிரை சரியும்" என்றார். ஒரு அங்குலம் என்றால் 168க்கு ஒன்று. சீமெந்துத் தளத்தில் கரண்டியால் தேய்த்து எடுக்கிறவர்களுக்கு அது ஓடலாம், தனித்தனிக் கல்லாகப் பதிக்கிற தளத்தில் ஒரு கல் இரண்டு மில்லிமீற்றர் பதிந்தாலே அந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். கல் பதித்த தளத்துக்கு 60க்கு ஒன்று நல்ல அளவு, 80க்கு ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது. அறுபதுக்கு ஒன்று என்றால் எங்கள் 14 அடிக்கு 2.8 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று.

மூன்று இஞ்சி என்று கேட்டதும் அண்ணைக்குச் சிரிப்பு. வாயால் சொல்லி வேலையில்லை என்று 5 அடி மட்டப்பலகையை எடுத்து, பள்ளப் பக்க நுனியின் அடியில் ஒரு அங்குலக் கட்டையை ஒட்டினேன். ஐந்து அடி 60 அங்குலம், ஒரு அங்குலம் கட்டை, இது போதும், வேறு கணக்கு வேண்டாம், குமிழி நடுவில் நின்றால் 60க்கு ஒன்று. அந்தப் பலகையை வைத்து மணலில் ஆறு வரிசை கல்லைச் சும்மா அடுக்கி, மேலே பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு அவரை இருக்கச் சொல்லிப் பிளேன்ரீ கொடுத்தோம். கிளாஸைக் கல்லில் வைத்தார், பார்த்தார், எடுத்துக் குடித்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேல் பக்கத்தில் அவரே ஊற்றினார். அதற்குப் பிறகு அந்தக் கட்டை ஒட்டிய பலகை அவருடைய கையை விட்டுப் போகவில்லை, இப்போது இன்னொரு வேலையிடத்தில் நிற்கிறது என்று கேள்வி.

சரிவை மேலே மணலில் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அடி மண்ணையே மூன்று அங்குலச் சரிவில் வெட்டி இறுக்க வேண்டும், அதன் மேல் சல்லியும் கிரவலும் கலந்த அடித்தட்டு 5 அங்குலம், அதே தடிப்பில் எல்லா இடமும், அதன் மேல் மணல் ஒரு அங்குலம், ஒன்றேகால், எல்லா இடமும் ஒரே தடிப்பு. சரிவை மணலால் சமாளித்தால் ஒரு பக்கம் ஒரு அங்குலம் மணல், மறு பக்கம் நாலு அங்குலம், முதல் மாரியில் நாலங்குலப் பக்கம் இறங்கும், எடுத்த சரிவு போய்விடும். கற்களுக்கு நாலு பக்கமும் சீமெந்து விளிம்பு, அது இல்லாவிட்டால் கல் வெளியே விலகும்.

சல்லி வாங்கும்போது ஊர்ச் சுண்ணக்கல் மலிவு என்று மனம் போகும். அகழிக்கு அது சரிவராது, உடைந்து தூள் விடும், தூள் அகழிக்குள் விரிக்கிற வடிகட்டித் துணியை அடைக்கும். கருங்கல் சல்லி குடாநாட்டில் கிடையாது, வன்னிப் பக்கம் இருந்து ரிப்பரில் வருவது, ஏற்றுக்கூலியோடு விலை வலிக்கும். தளத்துக்கு அடியில் ஊர்க்கல் மக்கியைச் சேர்த்து, அகழிக்கு மட்டும் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி எடுத்தோம். வந்த சல்லியில் தூள் நிறைய, போடமுன் ஹோஸ் அடித்துக் கழுவி எடுத்தோம், சலிப்பான வேலை, ஆனால் அந்தத் தூள் அகழிக்குள் போயிருந்தால் கழுவ வழியில்லை.

அகழிக்குள் முதலில் வடிகட்டித் துணியை அடியும் சுவரும் மூடுகிற மாதிரி விரித்து, நுனிகளை வெளியே விட்டு, சல்லியைப் பாதிக்கு நிரப்பி, நாலு அங்குலப் பிவிசி பைப்பை, கீழ்ப்பக்கமும் பக்கவாட்டிலும் துளை போட்டு, மட்டமாகக் கிடத்தி, மேலும் சல்லி போட்டு, துணி நுனிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து மூடி, அதன் மேல் மண். துணி இல்லாமல் போட்டால் செம்மண் சல்லிக்குள் வந்து இறங்கிவிடும், நம்முடைய மண் நனைந்தால் மா மாதிரி நுணுக்கமானது.

தளத்தின் மேற்கு விளிம்பு முழுக்க ஆறு அங்குல அகலத்தில் ஆழமில்லாத சீமெந்துக் கால்வாய், 20 அடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம், தென்மேற்கு மூலையில் ஒரு சேற்றுத் தொட்டி. மேலே கம்பி மூடி போட்ட கால்வாய் என்றால் வடிவு, அக்காவின் படங்களிலும் அதுதான், ஆனால் மாவிலையும் வேப்பம்பூவும் விழுகிற வளவில் மூடியைக் கழற்றிக் கழற்றிக் கூட்ட ஆள் வேண்டும். திறந்த கால்வாயை ஈர்க்கு விளக்குமாற்றால் இரண்டு இழுப்பில் கூட்டலாம். சேற்றுத் தொட்டி ஒன்றரை அடிச் சதுரம், அகழிக்குப் போகிற பைப் தொட்டியின் அடியில் இருந்து ஒரு அடி மேலே, மணலும் இலையும் அடியில் தங்கும், தண்ணீர் மட்டும் போகும்.

அந்த அடித் தண்ணீர் நுளம்புக்குச் சொர்க்கம். மாரி என்றால் இங்கே டெங்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவு வளவாக வருவார், முட்டையில் இருந்து நுளம்பாக ஒரு கிழமை போதும். அதனால் தொட்டிக்கு அடியில் சீமெந்து போடாமல் நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்கு ஓட்டை விட்டுச் சல்லி நிரப்பியிருக்கிறோம், மழை விட்டால் அடியில் நிற்கிறது மெல்ல ஊறிப் போகும். பைப்பின் வாயில் நுளம்பு வலை வேண்டாம், இலை அடைத்து வெள்ளம் திரும்பும். பெரிய கண் கம்பிவலை போதும்.

கல் பதித்து முடித்துக் குறுமணல் கூட்டி மெஷினால் அடித்த அன்றே ஹோஸை வாசற்படியடியில் திறந்துவிட்டுப் பார்த்தோம். தண்ணீர் கால்வாய்க்கு ஓடியது, கால்வாயில் தொட்டிக்கு ஓடியது, ஒரு இடத்தைத் தவிர. வீட்டுச் சுவரும் புதுப் படியும் சந்திக்கிற மூலையில் ஒரு தட்டு அகலத்துக்கு நின்றது. மெஷின் சுவருக்குக் கிட்ட வராது, அங்கே அடித்தட்டு இறுகவில்லை. அண்ணை எட்டுக் கல்லைக் கிளப்பி, கை இடிகட்டையால் குத்தி, மணல் போட்டு, பலகையை வைத்துத் திரும்பப் பதித்தார். சுவர் ஓரங்களை முதலிலேயே கையால் இடிப்பது நல்லது, எங்களுக்கு எட்டுக் கல்லோடு போனது அதிர்ஷ்டம்.

செலவில் பாதிக்கு மேல் கல்லுக்கும் கூலிக்கும்தான் போனது. அகழி, தொட்டி, பைப், துணி, சல்லி எல்லாம் சேர்த்து மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வராது, இரும்புக் கம்பிக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம் கூட.

இனி மிஞ்சியிருப்பது பீலிக்கு அந்தத் துண்டுப் பைப் பூட்டுவதும், சேற்றுத் தொட்டிக்கு மூடியும். அண்ணை மூடியைச் சீமெந்தால் ஒட்டிவிட்டால் பிள்ளைகள் விழாது என்கிறார். ஒட்டினால் சேறு அள்ளுவது யார்? இரண்டு இரும்பு வளையம் வைத்து, ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரத்தில் இரண்டு துண்டாக வார்க்கச் சொல்லியிருக்கிறேன். வளையத்துக்கு ஆறு மில்லிமீற்றர் கம்பி காணாது, பத்து வேண்டும் என்று நேற்றுப் பின்னேரமும் அண்ணையின் ஃபோன், அதை எடுத்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை வார்ப்பார்.